காருக்குச் சொந்தக்காரர்

என் அப்பா எந்தக் காருக்கும் ஓனராக இருந்தவர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் சில மாதங்கள், சுங்க இலாகாவின் காகிதப்படி, வெளிநாட்டு நம்பர் போட்ட ஒரு ஜப்பான் காருக்கு அவர்தான் உரிமையாளர். அதுவும் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட உரிமையாளர்.

கார் என் அத்தையின் வீட்டுக்காரருடையது. மாமா சின்ன வயதில் லாரி கிளீனராகக் கிளம்பி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் காட்மாண்டில் ஒரு மெக்கானிக் ஷெட் போட்டு உட்கார்ந்துவிட்டவர். கல்யாணமானதும் அத்தையும் அங்கே போய்விட்டாள். அப்பாவுக்கு அவள் ஒரே தங்கை. தாயில்லாத வீட்டில் அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்கு நாற்பது வயதான பிறகும் அவருக்குப் பாப்பாதான். அவள் கழற்றிக் கொடுத்த கை வளையல்களை விற்றுத்தான் மாமா அந்தக் காரை வாங்கினார். வெறும் கையை பானெட்டின் மேல் ஊன்றிக்கொண்டு அவள் சிரிக்கும் போட்டோ எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தது.

அந்த வருஷம் அத்தைக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் என்றால் மெட்ராஸில்தான், அண்ணன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறாள். மாமா அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, எல்லையில் கஸ்டம்ஸ் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பாதி இந்தியாவைத் தாண்டி மண்ணூர்பேட்டையில் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வெளிர் நீல கார். சிவப்புத் தகட்டில் வெள்ளையாக நேபாள எழுத்து.

எதிர் டீக்கடைக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "இன்னா மாமே, உன் மாப்ள நம்பர் பிளேட்ல ஜிலேபி புழிஞ்சிகினு வந்துகீறாரு?"

"அது நேபாளத்து நம்பரு. படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான்" என்றார் அப்பா. அவருக்கும் தெரியாது. காலேஜ் முடித்திருந்த எனக்கும் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அத்தை அவ்வளவு தூரம் காரில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் போவது என்று முடிவானது. ஷெட்டை அதற்கு மேல் பூட்டி வைக்க முடியாது என்பதால் மாமாவும் கூடவே கிளம்பினார். சாவியை அப்பா கையில் வைத்தார்.

"ரெண்டு மாசத்துல வந்து எடுத்துக்கறேன் மச்சான். சும்மா நின்னா பேட்டரி செத்துடும். அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு உடு."

அப்பா கம்பெனியில் கேட்டு ஒரு பழைய தார்ப்பாய் வாங்கிவந்து காரை மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து, எஸ்டேட் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வருவார். சில வாரம் என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார். ஒருமுறை நான் ரேடியோவைத் திருகப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "பாப்பா வெச்சிட்டுப் போன ஸ்டேஷன்டா. அப்படியே இருக்கட்டும்."

வெளிநாட்டு நம்பர் கார் இந்தியாவுக்குள் விருந்தாளி மாதிரிதான் வரலாம், கொண்டுவந்தவரே குறித்த தேதிக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும், இங்கே இருப்பவர் யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்கிற சட்டம் எங்களுக்குத் தெரியாது. மாமாவுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. ஷெட்டை விட்டு அவரால் வர முடியாமல் ரெண்டு மாசம் மூன்றாகி, மூன்று நாலாகி, அனுமதிச் சீட்டின் தேதியும் தாண்டிப்போனது.

ஒரு ஞாயிறு காலையில் எஸ்டேட் ரோட்டில் ஒரு கஸ்டம்ஸ் ஜீப் அப்பாவை நிறுத்தியது. நான் அன்று கூட இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பேனே என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

இறங்கிய அதிகாரி வெளி மாநிலத்துக்காரர். எங்கள் பக்கத்துப் பேச்சு பழகாதவர். மரியாதையாக, புத்தகத் தமிழில் கேட்டிருக்கிறார்: "நீங்கள் சொந்தக்காரரா?"

"ஆமா சார், சொந்தக்காரன்தான்."

"வண்டி எப்படி வந்தது?"

"மாப்ள குடுத்துட்டுப் போனாரு சார்."

அவ்வளவுதான். அதை அவர் இங்கிலீஷில் எழுதினார். நானே உரிமையாளர், என் தங்கை கணவர் எனக்கு இதைக் கொடுத்துவிட்டுச் சென்றுவிட்டார். இங்கிலீஷிலேயே வாசித்துக் காட்டினார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டு, தமிழில் தன் பெயரைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரைப் பறிமுதல் செய்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர் மடித்து வைத்திருந்த தார்ப்பாயை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்.

நோட்டீஸ் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் படித்துவிட்டு, "ஓனர்னு ஏன்பா சொன்னே?" என்றேன்.

"ஓனர்னு நான் எங்கடா சொன்னேன்? சொந்தக்காரன்னு சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு இருப்பவர் ஓனரு. கம்பெனிக்கு இருப்பவர் மொதலாளி. சொந்தக்காரர் என்றால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்கிறவர். வண்டியைக் காட்டி ஒருவர் நீ சொந்தக்காரனா என்று கேட்டால், வண்டிக்காரருக்கு உறவா என்று கேட்கிறார் என்றுதான் அப்பாவுக்குப் பட்டிருக்கிறது. எழுதியவர் மேலும் தப்பில்லை. அகராதியைப் பார்த்தால் அவர் எழுதியதுதான் முதலில் இருக்கும்.

கார் போனால் போகட்டும் என்று எங்களால் இருக்க முடியவில்லை. அது அத்தையின் வளையல். அதைவிடப் பெரிய சங்கதி, அதே நோட்டீஸின் நகல் காட்மாண்டுக்கும் போயிருந்தது. அங்கே யாரோ இங்கிலீஷ் தெரிந்தவர் படித்துச் சொல்லியிருக்கிறார்: உன் அண்ணன் காரைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

டீக்கடை போனுக்கு டிரங்கால் வந்தது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடினார். நான் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றேன். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. கொர கொர இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"உனக்கு வேணும்னா கேட்டிருக்கலாமேண்ணா. நானே குடுத்திருப்பேனே."

"பாப்பா, நான்..." என்று அப்பா ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. டீக்கடைக்காரர்தான் மெதுவாக வாங்கி வைத்தார். அன்று அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

நான் அத்தைக்குத் தமிழில் நீளமாக எழுதினேன். சொந்தக்காரர் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம், நடந்தது இது என்று எழுதினேன். அத்தைக்கு எழுத்து தெரியாது. மாமா படித்துக் காட்டியிருக்கிறார். படித்துவிட்டு, "பையன் படிச்சவன். வார்த்தைய எப்படி வேணா மடிச்சி எழுதுவான்" என்றாராம். அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னது இது. அப்போது பதில் வரவில்லை.

விசாரணைக்கு மாமாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அத்தையும் வந்தாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கொரட்டூரில் மாமாவின் பெரியப்பா மகன் வீட்டில் இறங்கினார்கள். அன்றைக்கு அப்பா காலையிலேயே போய், அத்தைக்குப் பிடிக்குமென்று வஞ்சிர மீன் வாங்கிவந்திருந்தார். அம்மா குழம்பு வைத்து, சட்டியை மூடியபடியே வைத்திருந்தாள். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில், "சரி, போடு" என்று அவரே தட்டை எடுத்துவைத்தார்.

துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்த ஆபீஸில் பழைய காகித வாசனை. அதிகாரியின் மேஜைக்கு முன்னால் அப்பாவும் நானும் ஒரு பக்கம், மாமா இன்னொரு பக்கம். அத்தை சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரித்தவர் ஆந்திராக்காரர், நரைத்த மீசை. நான் எழுந்து, மனப்பாடம் செய்து வந்த இங்கிலீஷில் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியம் மறந்துபோய், சட்டைப் பையில் காகிதத்தைத் தேடினேன்.

"எனக்குத் தமிழ் தெரியும்பா. தமிழ்லயே சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் பேனாவை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். "எங்க பாஷையிலயும் சொந்தம் இருக்கு. சொந்தம்னா தன்னுது. அவ்ளோதான். மாட்டிக்கிட்ட அப்புறம் எல்லாரும் ஒரு புது அர்த்தம் கொண்டுவராங்க."

மாமாவிடம் காரை விற்றீரா என்று கேட்டார். இல்லை என்றார் மாமா. பிறகு எட்டி, பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார். "நீங்க இவரு சம்சாரமா?"

"ஆமா சார்."

அப்பாவைக் காட்டினார். "அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணன் என்று சொல்ல அத்தைக்கு அன்று மனசு வரவில்லை. தள்ளி நிறுத்துகிற மாதிரி, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சொந்தக்காரரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியின் கையில் பேனா நின்றது. "என்னம்மா சொன்னீங்க?"

"சொந்தக்காரருன்னேன்."

"அப்படின்னா, அவரு உங்களுக்கு ஓனரா?"

அத்தை சட்டென்று திரும்பினாள். "எனக்கு எவன் சார் ஓனரு?"

டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். மாமாகூடச் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் மெல்ல மாறியது. தான் சொன்ன வார்த்தையைத் தானே இன்னொரு தரம் காதில் கேட்டதுபோல அப்பாவைப் பார்த்தாள்.

"இதத்தான் சொன்னியாண்ணா நீ?"

"வேற இன்னாத்த சொல்லுவேன் பாப்பா" என்றார் அப்பா.

அதிகாரி நோட்டீஸை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். டைப் அடிக்கிறவரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ‘ரிலேட்டிவ்’ என்ற வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது.

கார் திரும்பக் கிடைத்தது. தேதி தாண்டியதற்கும் வேறு ஆள் ஓட்டியதற்கும் அபராதம் கட்டி, மாமாவே ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்ட வேண்டும் என்று உத்தரவு. வெயிலிலும் மழையிலும் நின்று டயரெல்லாம் இறங்கி, பேட்டரி செத்து, பெயின்ட் வெளுத்துப்போயிருந்தது. ரேடியோ முள் மட்டும் அத்தை வைத்த இடத்திலேயே இருந்தது. புது பேட்டரி போட்டதும் அப்பா முதலில் பார்த்தது அதைத்தான்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. விசாரணை முடிந்த அன்று நாலு பேரும் சென்ட்ரலில் ஆவடி ரயில் ஏறினோம். அத்தை அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வில்லிவாக்கம் தாண்டியதும் அவள் அவர் சட்டைக் கையில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்து அறுத்துப் போட்டாள். "இந்தச் சட்டைய இன்னுமா போட்டுகினு கீற?"

கொரட்டூர் வந்தது. மாமா எழுந்தார். அத்தை எழுந்திருக்கவில்லை.

"நீ எறங்கிப் போயி பொட்டிய எடுத்துகினு வா. நான் அண்ணன் ஊட்டுக்குப் போறேன்."

மாமா படிக்கட்டில் நின்றபடி அப்பாவைத் தயங்கிப் பார்த்தார். "நான் வந்தா உள்ள உடுவியா மச்சான்?"

"நீ வராம யாரு மாப்ள காரை எடுத்துகினு போறது? நான் தொட்டா மறுபடியும் ஓனராயிடுவேன்."

பட்டரவாக்கத்தில் இறங்கினோம். அத்தை ஆபரேஷனாகி மாதங்கள் ஆகியும் மெதுவாகத்தான் நடந்தாள். அப்பா அவளுக்கு ஒரு அடி முன்னால் போவதும், நிற்பதும், சைக்கிள்களை ஒதுங்கச் சொல்வதுமாக வந்தார். ரயில்வே கேட் பக்கத்தில் மீன் விற்கும் ஆயா கூடையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"இன்னா நைனா, சொந்தக்காரங்க வந்துகீறாங்களா?"

அப்பா நின்றார். "சொந்தக்காரங்க இல்ல ஆயா. தங்கச்சி. என் தங்கச்சி."

அத்தை தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கூடைக்கு முன்னால் குந்தி, வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.