வாசலில் தொங்கிய முகம்

ஒரு கல்லூரிக்கு நல்ல பெயர் தேடிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. மக்கள் தொடர்பு மற்றும் ஊடகப் பிரிவுத் தலைவி என்று என் அறைக் கதவில் பலகை மாட்டியிருந்தார்கள். அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

சமையலும் ஹோட்டல் முகாமைத்துவமும் படிப்பிக்கிற தனியார் கல்லூரி. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மாடிக் கட்டிடம். கீழே பயிற்சிக் குசினி, மேலே அலுவலகம். குத்துவிளக்கு ஏற்றுகிற படங்களைச் செய்தியாளர்களுக்கு அனுப்புவேன். விழா என்றால் அவர்களுக்குச் சோற்றுப் பார்சல் ஒழுங்கு செய்வேன். கோழிப் பார்சல் கொடுத்தால் செய்தி வரும், மீன் பார்சல் கொடுத்தால் படம் மட்டும்தான் வரும் என்று அவர்களில் ஒருவர் பகிடி விடுவார். நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் அது உண்மை.

மாணவர் சேர்ப்புக் காலம் வந்தால் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரின் முகத்தைப் பெரிதாக அடித்துத் தொங்கவிடுவது கல்லூரியை நடத்துகிற பணிப்பாளரின் வழக்கம். நடிக்க வெளியாள் பிடிக்கத் தேவையில்லை. தாளில் அடித்து ஒட்டினால் தெருவில் திரிகிற மான்கள் பசைக்காகக் கிழித்துத் தின்றுவிடும். அதனால் தடித்த பிளாஸ்டிக் பனர்.

அந்த முறை அகப்பட்டவன் குச்சவெளிப் பொடியன். தாய் கருவாடு போட்டு விற்கிறவர். தகப்பன் இல்லை. அவனுக்கு நல்ல பல்வரிசை. வெள்ளைத் தொப்பி போட்டுத் துறைமுகத்துக்கு முன்னால் நிறுத்தி, சிரி என்றேன். சிரித்தான். அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

படம் எடுத்து முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, இதை ரவுண் கடைத்தெருவில் எங்கேயாவது போடுங்கள், வாசலில் மட்டும் வேண்டாம் என்று கேட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. புதிதாக வந்தவன் நிலத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், சீனியர்களுக்கு முன்னால் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கையேட்டின் முதல் பக்கத்தில் எங்கள் வளாகத்தில் பகிடிவதை இல்லை என்று அச்சடித்திருந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

நான் பணிப்பாளரிடம் போய், வாசலில் போட்டால் அவனை அடிப்பார்கள் என்று நேராகவே சொன்னேன்.

"வாசல்ல போடாம நடுக்கடல்லயா போடுறது, மிஸ்?" என்றார்.

வாசலில் ஏற்றினார்கள். சீனியர்கள் ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்புக்குக் கீழால் உள்ளே வர வேண்டியிருந்தது.

ஒரு கிழமை ஆகவில்லை. காலையில் நான் மேலே இருந்தபோது கீழே குசினியில் ஒரு சத்தம் கேட்டது. பொரிக்கிற தாச்சி நிலத்தில் விழுந்தால் கிணுகிணுக்கும். இது கிணுகிணுக்கவில்லை. நான் இறங்கி ஓடினேன்.

பயிற்சி ஆசிரியர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். அவர் போகிற நேரம் பார்த்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவன் பொடியனின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தான். இன்னொருவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தான். மூன்றாமவன் கையில் இரும்புத் தாச்சி. அவன்தான் தலைவன்.

"அங்க சிரிக்கிறாய்தானே. இங்கயும் சிரி" என்றான்.

இரண்டாவது அடி விழுவதை நான் கண்ணால் கண்டேன். வாயில். அடித்தவனின் முகத்தில் கோபம் இருக்கவில்லை. இறைச்சி தட்டுகிறவனைப் போலத்தான் நின்றான். மேசையில் கிடந்த மா உருட்டும் கட்டையை எடுத்து அவன் முழங்கையில் அடித்தேன். யோசித்து அடிக்கவில்லை. யோசித்திருந்தால் தலையில் அடித்திருப்பேன். தாச்சி விழுந்தது. மற்ற இருவரும் பிடியை விட, பொடியன் முகம் குப்புற விழுந்தான்.

ஓட்டோவில் அவன் தலையை என் மடியில் வைத்திருந்தேன். இரத்தம் துணியில் ஊறி என் தொடையில் சூடாகப் பட்டது. அவன் அழவில்லை. அழுவதற்கு வாய் வேண்டும். வலது கையை மட்டும் இறுக்கிப் பொத்தி வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் தாதி விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். உள்ளே பல் இருந்தது. எப்போது பொறுக்கினான் என்று எனக்குத் தெரியாது.

தாடை உடைந்துவிட்டது, கம்பி போட்டுக் கட்ட வேண்டும் என்றார் டொக்டர். ஆஸ்பத்திரிப் பொலிசிடம் நான் கண்டதைச் சொன்னேன். அந்தப் பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். பிறகு, அடிபட்டவர் தானே கதைக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்ய ஏலாது என்றார்.

பின்னேரம் பணிப்பாளர் கூப்பிட்டார். தாச்சியால் அடித்தவனின் தகப்பனுக்கு நிலாவெளிக் கடற்கரையில் ஹோட்டல் இருந்தது. எங்கள் மாணவர்களை வருடா வருடம் பயிற்சிக்கு எடுப்பது அந்த ஹோட்டல்தான். மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமடைந்தார் என்று ஊடக அறிக்கை போக வேண்டும் என்றார் பணிப்பாளர். பொலிசில் சொன்னது பதட்டத்தில் சொன்னது என்று நான் எழுதிக் கொடுக்கவும் வேண்டுமாம்.

விபத்து என்று போனால் விசாரணை இல்லை. மூன்று பேரும் அதே குசினியில் அதே தாச்சிகளோடு நிற்பார்கள். பொடியன் திரும்பி வர ஏலாது. அவனுடைய படிப்பு அதோடு சரி. இதை நான் சொன்னேன். அவன் வராவிட்டால் வேறொருவன் வருவான், அந்த ஹோட்டல் போனால் வேறு ஹோட்டல் வராது என்றார் அவர். இவ்வளவு வெளிப்படையாக ஒரு மனிதர் கதைப்பார் என்று நான் நினைக்கவில்லை.

செய்தியாளர்களுக்கு அறிக்கை அனுப்புகிற கல்லூரிப் போன் என் கையில் இருந்தது. தரச் சொன்னார். தர மாட்டேன் என்றேன். எழும்பி வந்து பறித்தார். நான் விடவில்லை. என் பெருவிரலைப் பின்பக்கமாக மடக்கினார். அவருடைய மணிக்கட்டைக் கடித்தேன். கையை உதறியதில் கதிரை சாய்ந்து நான் நிலத்தில் விழுந்தேன், போன் அவரிடம் போனது. குளிர் விழுகிற நாட்களில் அந்தப் பெருவிரல் இன்றைக்கும் வலிக்கும். மோட்டார் சைக்கிள் விபத்து என்ற அறிக்கை அன்றிரவே போனது. கீழே என் பெயர்.

அடுத்த நாள் காலை செய்தியாளர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் அறிக்கை, மறுபக்கம் ஆஸ்பத்திரியில் இருந்து கசிந்த கதை. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பனரைத்தான் படம் பிடித்தார்கள். பார்சல் பகிடிக்காரரும் நின்றார். அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை.

பணிப்பாளர் மேல் ஜன்னலில் நின்று, பனரை உடனே கழட்டு என்று காவலாளிக்குக் கத்தினார். காவலாளி வயதானவர், சாதுவான ஆள். ஏணியைச் சாத்திக் கத்தியோடு ஏறினார். முதல் கயிற்றில் கத்தியை வைக்கிற நேரம் குச்சவெளி பஸ்ஸில் பொடியனின் தாய் வந்து சேர்ந்தார். நேராக ஏணியைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்.

"இறங்கு" என்றார். "என்ர பிள்ளையின்ர வாய் இனி அப்பிடி வராது. அது அங்கயே கிடக்கட்டும். வாறவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்."

"எனக்கென்னம்மா, கழட்டச் சொல்லினம், கழட்டுறன். ஆட்டாதேங்கோ, விழுந்தா எனக்கும் பிள்ளையள் இருக்குது" என்றார் காவலாளி, கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி.

தாய் விடவில்லை. அந்த நேரம் சீனியர்கள் உள்ளேயிருந்து பார்க்க வந்தார்கள். தாச்சிக்காரன் முழங்கையில் பன்டேஜ் சுற்றியிருந்தான். ஒருத்தரும் அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கவில்லை, வழமைபோல வகுப்புக்கு வந்திருந்தான். தாயைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டாளிகளிடம் சொன்னான்:

"கருவாடு நடந்து வருதடா."

தாய் ஏணியை விட்டார். குனிந்து செருப்பைக் கழற்றினார். அவன் சிரித்துக்கொண்டு நிற்க, போய் வாயைப் பார்த்து அடித்தார். ஒன்று அல்ல. அவன் அவரைத் தள்ளினான். அவர் மல்லாக்க விழுந்து கேற்றுத் தூணில் தலை அடிபட்டது. எழும்பப் பார்த்தவரின் வயிற்றில் காலை வைத்தான். நான் பின்னாலிருந்து அவன் கழுத்தில் தொங்கினேன். என்னை மதிலோடு சாத்தி இடித்தான். மூச்சு நின்றுவிட்டது, ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை. காதை நகத்தால் கிழித்தேன். கடைசியில் அவனைப் பிடித்து இழுத்து நிலத்தில் போட்டவர், ஏணியால் இறங்கி வந்த அந்தச் சாதுவான காவலாளி. போட்டுவிட்டு அவன் முதுகில் ஏறி இருந்தார். கமராக்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

தாயின் தலையிலிருந்து இரத்தம் வழிந்தது. நான் என் சால்வையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். பார்சல் பகிடிக்காரர் மைக்கைக் கொண்டுவந்து குனிந்தார்.

"மிஸ், விபத்து எண்டு உங்கட பெயரில வந்தது. நாங்கள் எதைப் போடுறது?"

"விபத்து இல்லை" என்றேன். "இந்தக் கிடக்கிறவனும் இன்னும் ரெண்டு பேரும் குசினிக்குள்ள வைச்சு தாச்சியால வாயில அடிச்சவங்கள். நான் கண்டனான். என்ர பெயரிலயே போடுங்கோ."

போட்டார்கள். அன்றைக்கே மூன்று பேரையும் பொலிஸ் கொண்டு போனது. என்னை வேலையால் நிறுத்தினார்கள். அடுத்த மாதம் நிர்வாக சபை பணிப்பாளரையும் அனுப்பியது. அவர் அடியை மறைத்தார் என்பதற்காக அல்ல, கல்லூரியின் பெயரைக் கெடுத்தார் என்பதற்காக. பொடியன் சுகமானதும் கட்டணமில்லாமல் படிப்பைத் தொடரலாம் என்று புதிய நிர்வாகம் அறிவித்தது. அதையும் கமராவுக்கு முன்னால்தான் அறிவித்தார்கள்.

பனர் அங்கேயே தொங்கியது. அதில் கை வைக்க இப்போது ஒருவருக்கும் துணிவில்லை. ஆட்கள் அதற்குக் கீழே நின்று படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். சிலர் மெழுகுதிரி கொளுத்தி வைத்தார்கள், அவன் செத்துப் போனது போல. தாய் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் சுற்றுப் பாதையால் வந்து, வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். நாங்கள் அடிபட்டு மீட்ட பொருள் அது. எனக்கும் அதைப் பார்க்கும்போது உள்ளே ஒரு திமிர் ஏறும்.

கம்பி கழற்றுவதற்கு முன் ஒரு நாள் குச்சவெளிக்கு அவனைப் பார்க்கப் போனேன். கருவாடு போடுகிற வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தான். கஞ்சியைக் குழாயால் குடித்துக் குடித்துக் கன்னம் ஒட்டியிருந்தது. எப்போது படிக்க வருகிறாய் என்று கேட்டேன். பற்களைத் திறக்காமலே கதைத்தான்.

"அதை இன்னும் கழட்டேல்லையா, மிஸ்?"

தாய் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவர் விருப்பத்துக்குத்தான் அது தொங்குகிறது, ஊரே அதைப் பார்த்துத்தான் உன் பக்கம் நின்றது என்று விளங்கப்படுத்தினேன்.

"அம்மாட்டக் கேட்டனீங்கள். கமராக்காரரிட்டக் கேட்டனீங்கள். என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. வாசல்ல வேண்டாம் எண்டு முதலே சொன்னனான்தானே. அது அங்க தொங்கினா நான் அந்த வாசலால உள்ள போகமாட்டன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் வேலை போனது, விரல் பழுதானது, உன் தாய்க்குத் தலையில் தையல், எல்லாம் அதற்காகத்தானே என்று வாய்வரை வந்தது. தாய் கழுவுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். அவனும் பார்த்தான். வாயின் இடது பக்கம் கீழே இழுபட்டிருந்தது. தினமும் அந்த வாசலில் அந்த வாய்க்குக் கீழால் இந்த வாயோடு அவன்தான் போக வேண்டும். அந்த வாசலால் போகிற தேவை எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

தாய் மீன் சட்டியைத் தள்ளி வைத்தார். கையைச் சீலையில் துடைத்தார். மீன் வெட்டுகிற கத்தியைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"எழும்புங்கோ மிஸ், பஸ் வாற நேரம்" என்றார்.

கல்லூரி வாசலில் அதே காவலாளிதான் நின்றார். நாங்கள் கேட்டதும் உள்ளே ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் ஏணியை எடுத்து வந்தார்.

"இந்த முறை ஆட்டமாட்டியள்தானே, அம்மா?"

"ஏணியைப் பிடி" என்றார் தாய்.

தாயின் கத்தியை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். கயிறுகள் வெயிலில் இறுகியிருந்தன. அறுத்தபோது பனர் ஒரு பக்கமாகத் தொங்கி, பிறகு மொத்தமாகக் கீழே விழுந்தது. தாய் அதைத் தெருவில் விரித்து, மண் தட்டி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டித் தோளில் வைத்தார். ஒரு கமராவும் வரவில்லை.

அவன் கல்லூரிக்குப் போனான். இப்போது இரண்டாம் வருடம். அந்த வாய் அப்படியேதான் இருக்கிறது, ருசி பார்க்கும்போது ஓரத்தால் ஒழுகும், துடைத்துக்கொள்வான். புதிதாக வந்த பிள்ளைகளை அவன் நிமிர்ந்து நடக்கச் சொல்கிறான் என்று காவலாளி சொன்னார். வழக்கு நீதிமன்றத்தில் இழுபடுகிறது. தாச்சிக்காரன் பிணையில் வந்து தகப்பனின் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிறான், வெள்ளைக்காரருக்குப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு. நான் நிலாவெளிப் பக்கம் போவதில்லை. போனால் என் கை சும்மா இருக்காது.

குச்சவெளிக்கு மட்டும் போகிறேன். மழை இருட்டினால் தாய் ஓடிப்போய் அந்தப் பனரை எடுத்துக் கருவாட்டுக்கு மேலே விரிப்பார். அச்சடித்த பக்கத்தை எப்போதும் கீழேதான் போடுவார். மீன் செதிலும் உப்பும் முகத்தில் ஒட்டுமே, மேல் பக்கமாகப் போடலாம்தானே என்று ஒரு நாள் கேட்டேன்.

செதில் பட்டால் கழுவலாமாம். மழை விட்டு வெயில் பட்டால் முகம் வெளிறிப் போகுமாம்.