காசு வைக்காத ரம்மி

இன்று காக்களூர் பிரவுசிங் சென்டரில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பாய் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"மேடம், சீட்டாட்ட சைட்டு தொறக்கக் கூடாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டுப் போயிருக்காங்க. மூடிடுங்க."

"காசு வெச்சு ஆடினாத்தான் சூதாட்டம், பாய். வரிகூட ஜெயிச்ச பணத்துக்குத்தான் போடறாங்க. நான் சும்மா ஆடறேன்."

"காசே இல்லாம இன்னாத்துக்கு மேடம் தெனம் ரெண்டு மணி நேரம் குந்திகினு இருக்கீங்க?"

திரைக்கு அந்தப் பக்கம் என்னோடு ஆடுபவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு நடுவே, "சாப்பிட்டாச்சா?" என்று எழுதிக் கேட்பார். வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்பதில்லை.

இதைப் பாயிடம் சொல்ல முடியவில்லை. "பொழுதுபோக்குதான்" என்றேன்.

"அப்ப ஊட்ல டிவி பாருங்க மேடம்."

மூடிவிட்டு வந்தேன்.

பதில் பேசுகிற டிவி எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.