சத்தம் கேட்காத ஆம்ப்ளிஃபயர்

எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவில் நான் பல வருடங்களாகக் கிட்டார் வாசித்துவந்தேன். நன்றாக இல்லை என்று ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. காதில் விழுந்தால்தானே சுளிப்பதற்கு! இருந்த இரண்டு மைக்கும் பாடுகிறவர்களுக்குப் போய்விடும். கீபோர்டு நேராக ஸ்பீக்கரில் சொருகப்பட்டிருக்கும். நானும் என் மரக் கிட்டாரும் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். என் மனைவியே ஒருமுறை பூசை முடிந்து வரும்போது, "இன்னைக்கு வாசிச்சீங்களா?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வருடம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிய அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் குழுத் தலைவர் இந்த மலை ஊரில் ஏரிப்பக்கம் சாக்லேட் கடை வைத்திருப்பவர். யாரையும் நோகடிக்காமல் பேசத் தெரிந்தவர். அன்று என்னைக் கீபோர்டு பக்கமாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இப்பல்லாம் கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வந்துருது. பாப்பா ஒரு பட்டன அமுக்குனாப் போதும். நீங்க எதுக்கு இந்தக் குளிர்ல வெரலப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு?"

பாப்பா என்றது கீபோர்டு வாசிக்கும் பெண்ணை. வங்கியில் வேலை பார்க்கிறவள், மரியாதை தெரிந்தவள். அவர் சொன்னதும் ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினாள். கிட்டார் வந்தது. என்னுடையதைவிட நன்றாகவே வந்தது. எனக்கு வந்த கோபத்தில், "கடைசிப் பயிற்சிக்குள்ள என் கிட்டார் எல்லாருக்கும் கேக்கும். கேக்கலைன்னா நானே எந்திரிச்சுப் போயிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். "கேட்டா வச்சுக்கிடுவோம் சார், நமக்கென்ன" என்றார் அவர், சாக்லேட் கொடுக்கிற அதே குரலில்.

வீம்பாகச் சொல்லியாயிற்று. ஊரைவிட்டுப் போன ஓர் ஆசிரியரிடம் வாங்கிய பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு ஆம்ப்ளிஃபயர் இல்லை. வாங்கினாலும் வீட்டில் எப்படிப் பழகுவது என்பது அடுத்த தலைவலி. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நாங்கள் ஆசீர்வாதம் சொல்லலாம். அங்கே குடியிருக்கும் அக்கா காரட் பறிக்கும் வேலைக்குப் போகிறவர். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள். விடியுமுன்பே வேன் வந்து ஹார்ன் அடித்துவிடும் என்பதால் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். என் மனைவி எட்டு மணிவரை கூடத்தில் டியூஷன் எடுக்கிறாள். ஆக, எனக்குக் கிடைப்பது எட்டு மணிக்கு மேல், அதாவது அந்த அக்கா தூங்கும் நேரம். நானோ பள்ளி நூலகத்தில், பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனசு வராது.

மதுரையில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். துணைக்கு என் மனைவியின் அண்ணன் வந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். எந்தப் பொருளையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பார்.

"மாடலிங் ஆம்ப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர். அதாவது ஒரே பெட்டிக்குள் பல ஆம்ப்ளிஃபயர்களின் சத்தம் இருக்கும். ஒரு குமிழைத் திருகினால் இனிமை, இன்னும் கொஞ்சம் திருகினால் கரகரப்பு, கடைசிவரை திருகினால் ஊரே எரிகிற மாதிரி. அவர் மூன்று பெட்டிகளிலும் வாசித்துக் காட்டினார். அதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை. அவர் வாசித்த வாசிப்புக்குக் கிட்டார் ஒயரைக் குக்கரில் சொருகியிருந்தாலும் அருமையாகத்தான் இருந்திருக்கும்.

"பெருசு எத்தன வாட்டு?" என்றார் மச்சான்.

"நாப்பது."

"சின்னது?"

"ஆறு."

"அப்பப் பெருச எடுங்க மாப்ள. குடுக்குற காசுக்கு வெயிட்டு இருக்கணும்ல."

நான் பெரியதைத் தூக்கிப் பார்த்தேன். மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அது என் மடியில் உருளப்போவது நினைவுக்கு வர, கீழே வைத்துவிட்டேன்.

"வீட்லதான வாசிக்கப் போறீங்க? எவ்வளவு சத்தம் வேணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சத்தமே வேண்டாம்" என்றேன்.

அவர் மச்சானைப் பார்த்தார். "மாப்ள லைப்ரரில இருக்காரு" என்றார் மச்சான். அதற்குமேல் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

நானே வாசித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று துணிந்து அவர் கையிலிருந்த கிட்டாரை வாங்கிக்கொண்டேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கிறிஸ்துமஸ் தாலாட்டு ஒன்றுதான். கடைக்காரர் குமிழைக் கடைசிவரை திருகி விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் கம்பியைத் தட்டியதும் வந்த சத்தத்தில் மாட்டுக்கொட்டிலில் படுத்திருந்த குழந்தை இயேசுவே எழுந்து அழுதிருப்பார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான், தனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஓர் ஆர்மோனியத்தைத் தூக்கிப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு நிதானமாகப் பார்த்தேன். பெரியதைச் சத்தமாக வைத்தால்தான் நன்றாக இருந்தது. குறைத்ததும் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மங்கிப்போனது. விரலளவே இருந்த மூன்றாவது பெட்டி, கிட்டாரிலேயே சொருகிக்கொள்ளும் வகை. அது எங்கள் வீட்டில் ஒரே நாளில் தொலைந்துபோகும். சின்னப் பெட்டி எவ்வளவு குறைத்தாலும் முழுசாகக் கேட்டது. குமிழ்கள் எல்லாம் மேலேயே இருந்தன; சத்தத்தை மாற்றப் போனைத் தடவிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. பேட்டரியிலும் ஓடும். மழை மேகத்தைப் பார்த்தாலே கரண்ட் போகிற ஊரில் அது பெரிய விஷயம். ஹெட்போன் சொருகினால் வெளியே பொட்டுச் சத்தம் வராது என்றார் கடைக்காரர். அதை வாங்கினேன். "முட்டைக்கோசு கனங்கூட இல்ல" என்று மச்சான் பஸ் ஏறும்வரை புலம்பினார்.

அன்று முதல் எட்டு மணிக்கு மேல் எனக்கு வேறு வாழ்க்கை. குரங்குக் குல்லாவுக்கு மேல் ஹெட்போனை மாட்டி, எதிரொலிக் குமிழைத் திருகினால் எங்கள் இரண்டு அறை வீடு பேராலயமாகிவிடும். நான் தொட்ட ஒவ்வொரு கம்பியும் கூரைவரை போய்த் திரும்பியது. இத்தனை வருடம் தூணுக்குப் பின்னால் எனக்கே கேட்காத என் கிட்டாரை முதல்முறையாகக் கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியாது. காதை அடைத்துக்கொண்டதால் நான் என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன். முணுமுணுப்பு அல்ல, முழுத் தொண்டை. வெளியே கிட்டார் கேட்கவில்லை. கம்பி தட்டுகிற சின்ன ஓசையும் என் குரலும்தான். முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா இஞ்சித் தேத்தண்ணியோடு வந்து, "சாருக்கு என்னா செய்யுது? முக்குற சத்தம் கேக்குது" என்று விசாரித்திருக்கிறார். "பாடுறாருக்கா" என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். தேத்தண்ணியை நான் குடித்தேன். எதற்கு வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

கடைசிப் பயிற்சி நாள் வந்தது. எலக்ட்ரிக் கிட்டாரையும் ஆம்பையும் தூக்கிக்கொண்டு போனேன். இந்த முறை தூணுக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் பாட்டில் தலைவர், "கொஞ்சம் கொறைங்க சார்" என்றார். குறைத்தேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். பாட்டு முடிந்ததும், கம்பிகளைச் சுருதி சேர்ப்பதற்காக ஹெட்போனைச் சொருகினேன். சேர்த்து முடித்தேன். கழற்றத்தான் மறந்துவிட்டேன்.

அடுத்தது அந்தத் தாலாட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், குழுவே பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் கிட்டே வந்து என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"கேட்டுச்சா?" என்றேன், பெருமையோடு.

"கேட்டுச்சாவா! பாட்டுல கீழ்க்கொரலுக்கு ஆளில்லாம எத்தன வருசமா அலையுறேன் தெரியுமா? தூணுக்குப் பின்னாடியே ஒக்காந்துருக்கீங்களே சார், இது ஞாயமா?"

"கிட்டார்?"

"கிட்டார் எங்க கேட்டுச்சு? நீங்க வெரசா இங்கிட்டு வாங்க." என்னை எழுப்பி ஆண்கள் வரிசைக்குக் கூட்டிப்போய் ஒரு மைக்கைக் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பாப்பா என்னைப் பார்த்துத் தயங்கிவிட்டு, மெதுவாக அந்தப் பட்டனை அமுக்கினாள்.

வீட்டுக்கு வந்து ஆம்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். எனக்கு நிஜமாகவே வலித்தது. பாராட்டினார்கள்தான், நான் கேட்டது அதுவல்லவே. மனைவி அப்போதுதான் தேத்தண்ணிக் கதையைச் சொன்னாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று எரிந்துவிழுந்தேன். "சொன்னா நிப்பாட்டிருவீங்க. சந்தோசமா இருந்தீங்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். இவ்வளவு நாளும் அந்த அக்காவின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேனே என்று நினைக்க இன்னும் அவமானமாக இருந்தது. இனி கிட்டாரே வேண்டாம் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பலகைச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், இன்னைக்குப் பாட்டு இல்லீங்களா?"

"இல்லக்கா. இத்தனை நாள் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க தூங்குங்க."

"என்னாத்தத் தூங்குறது? இப்பல்லாம் நீங்க பாடுனாத்தான் எனக்குக் கண்ண அசத்துது. வெள்ளனே வேன் வந்துரும் சார், வெரசாப் பாடுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஆம்பை வெளியே இழுத்தேன். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார், அவரே கேட்கிறார், இனி என்ன தயக்கம்? ஹெட்போனை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பீக்கரிலேயே, குறைந்த சத்தத்தில், அந்தத் தாலாட்டை வாசித்துக்கொண்டே பாடினேன். ஒரு சரணம் முடிந்தது. மறுபடி சுவரில் தட்டினார்.

"சார், பாட்டு சொகமா இருக்கு. கூடவே என்னமோ கம்பிச் சத்தம் கேக்குதே, அத மட்டும் நிப்பாட்டிருங்க. தூக்கம் கலையுது."

மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் ஹெட்போனைச் சொருகிவிட்டு அடுத்த சரணத்தைத் தொடங்கினேன்.