சம்பந்தி வண்டியில் மஞ்சள் கறை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் செங்கல்பட்டுத் தெருவுக்குள் அந்தக் கேரவன் நுழைந்தபோது, பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். பஸ் அளவு நீளம், பசும்பால் வெள்ளை. கதவைத் திறந்தால் படுக்கை, அடுப்பு, குளிக்கும் அறை எல்லாம் உள்ளே. படப்பிடிப்புக்குப் போகும் வண்டி என்பதால் சுற்றிலும் பல்பு வைத்த ஒப்பனைக் கண்ணாடி வேறு.

வண்டி எங்களுடையது அல்ல. 2006 பிப்ரவரியில் எங்களுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு ஸ்கூட்டர்தான். இது சம்பந்தியாகப் போகிற தணிகாசலத்தின் வண்டி. படூரில் நெல் விளைவித்த குடும்பம்; இப்போது வேன்கள் ஓட்டுகிறார்கள். அவர் மகன் பிரபுவும் என் மகள் வித்யாவும் ஓ.எம்.ஆரில் ஒரே அலுவலகம். அவர்களாகப் பார்த்து, அவர்களாகப் பிடித்துப்போய், பிறகு எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், அவர்கள் இந்தப் பக்கம். பூ வைத்து நிச்சயம் முடிந்த அன்று தணிகாசலம், "திங்கக்கெழம வண்டி மொத ஷூட்டிங் போவுது சம்பந்தி. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். நாங்களும் சரியென்றோம். கடற்கரையோரமாகப் போய், ஞாயிறு மாலை படூரில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். அதுதான் திட்டம்.

ஓட்டி வந்தவர் ஏகாம்பரம். நாங்கள் ஏறும்போதே, "அம்மா, செருப்ப வெளியவே வுட்டுடுங்க. வண்டி மேல தூசி ஒட்டிகினு இருந்தா மொதலாளிக்குச் சோறு எறங்காது" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. என் மகள் வித்யா கையில் எந்தப் பொருளும் முழுசாகத் தங்காது. கண்ணாடி டம்ளர், கைக்கடிகாரம், ஒருமுறை பக்கத்து வீட்டு மிக்ஸி ஜாடி. தூசிக்கே சோறு இறங்காத மனிதர் வீட்டில் இவள் எப்படிக் குப்பை கொட்டப் போகிறாள்? கொளவாய் ஏரி ஜன்னலில் தகதகவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எட்டு மணி. செங்கல்பட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். மலையேறி வேதகிரீஸ்வரரைப் பார்த்தோம். உச்சிக்கு வந்து சோறு தின்ற கழுகுகள் வருவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. அந்த வேலையைக் காக்கைகள் எடுத்துக்கொண்டிருந்தன. முழங்கால் வலியோடு கீழே இறங்கியபோது பத்தரை. ஏகாம்பரம் டிபன் சாப்பிடப் போயிருந்தார். சங்கு தீர்த்தக் குளக்கரையில் வண்டி தனியாக நின்றது.

"புது வண்டி. பொட்டுகூட இல்லாம நிக்குது பாரு" என்றார் என் வீட்டுக்காரர் சண்முகம்.

"சம்பந்தி போட்டுக்குவாருங்க. நமக்கு எதுக்கு?"

"மலைக்குக் கீழ வரைக்கும் வந்துட்டுப் பூஜை போடலன்னா மரியாதையா இருக்காது."

இவர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எதையும் அளந்து செய்கிறவர், பக்தியை மட்டும் அளக்கத் தெரியாது. அறுபது ரூபாய்க்குப் பூஜை சாமான் வாங்கினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது சரி, தேங்காய் உடைத்ததும் சரி. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. மஞ்சளைக் குழைத்து, வண்டியின் இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்கு மூன்று மூன்று பட்டை போட்டு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமமும் வைத்தார். எங்கள் ஊர் பஸ்களுக்கெல்லாம் ஆயுத பூஜைக்கு அப்படித்தான் போடுவார்கள். அவை தகரம், துடைத்தால் வந்துவிடும். இது ஃபைபர் உடம்பு, தோசை சாம்பாரைக் குடிப்பதுபோல மஞ்சளைக் குடித்துவிட்டது.

ஏகாம்பரம் பல் குத்திக்கொண்டே வந்தவர், குச்சியைக் கீழே போட்டார். "ஸார், இன்னா ஸார் பண்ணிகினீங்க! வெள்ள ஃபைபர்ல மஞ்சளா? தொட்டுப் பாத்தே கண்டுபுடிச்சிருவாரு ஸார் அவரு!"

ஈரத்துணியால் துடைத்தோம். பட்டை அகலமானதுதான் மிச்சம்.

பன்னிரண்டு மணிக்குச் சதுரங்கப்பட்டினம். பதினைந்து கிலோமீட்டர் தூரம். டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தினோம். கோட்டையைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு: செங்கல் சுவர், சித்திர வேலை செய்த கல்லறைக் கற்கள், அப்பால் கடல். இவர் அதையும் பார்க்கவில்லை. பெட்டிக்கடையில் சோப்புத்தூள் வாங்கிவந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நுரை பட்டதும் மஞ்சள் பட்டைகள் ரத்தச் சிவப்பாகிவிட்டன. ஏகாம்பரம் "ஐயோ, பெயிண்டு பூட்ச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இவர் நுரைக் கையைப் பார்த்துக்கொண்டே, "மஞ்சள் காரத்துல செவக்கும். ஒன்பதாங் கிளாஸ் பாடம். வருஷா வருஷம் நான்தான் நடத்துறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்து வந்துவிட்டது. "பாடத்துல அடுத்த வரி என்ன போட்டிருக்கு?" என்றேன்.

எலுமிச்சம்பழம். நான்கு பழம் பிழிந்ததில் சிவப்பு மறுபடி மஞ்சளானது. பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். குங்குமம் மட்டும் தேங்காய் எண்ணெயில் இளகி வந்தது. சக்கரத்துக்கு மேலே தெறித்திருந்த தாருக்கு ஏகாம்பரத்தின் மண்ணெண்ணெய் உதவியது. மஞ்சள் எதற்கும் மசியவில்லை. கூடையோடு வந்த மீன்காரம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, ஷூட்டிங்கா? ஈரோ யாரு?"

நான் சோப்பு நுரையோடு நின்ற இவரைக் காட்டினேன்.

"இவுரா! அப்ப படம் ஓடனாப்லதான்" என்று சொல்லிவிட்டு, இருபது ரூபாய்க்கு ஒரு கூறு நெத்திலி கொடுத்துவிட்டுப் போனார். குழம்பு வைத்து இறக்கினேன். இவர் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால், தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு இடது பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது. கூடவே வண்டியின் பளபளப்பும் அந்த இடத்தில் மங்கிப் போயிருந்தது.

நாரைப் பிடுங்கி எறிந்தேன். "போதும். தேய்க்கத் தேய்க்க வண்டிதான் தேயும்" என்றேன். இவர் மணலில் உட்கார்ந்து, "நம்ம பொண்ணுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் இவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ஆக, நான் காலையிலிருந்து எதை நினைத்துப் பயந்தேனோ அதையே இவரும் நினைத்திருக்கிறார்.

ராத்திரி அங்கேயே வண்டியில் தங்கினோம். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு முந்தானையில் கை துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. சேலையில் சாம்பார் கொட்டினால் என்ன செய்வோம்? அலசிவிட்டு ஈரத்தோடு வெயிலில் போடுவோம். சாயங்காலம் மடிக்கும்போது கறை இருந்த இடம் தெரியாது. சேலையைத் தெரிந்த வெயிலுக்கு வண்டியைத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, கடலிலிருந்து சூரியன் கிளம்பியதும் வண்டியின் இடது பக்கத்தைக் கிழக்கே திருப்பி நிறுத்தினோம். காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் தானாகவே வலது பக்கத்துக்கு வந்தது. கைக்கு வேலையில்லாததால் அப்போதுதான் கோட்டையைச் சுற்றி வந்தோம். மிச்சமிருந்த நெத்திலியை வறுத்தேன், ஏகாம்பரம் ஒரு கை பார்த்தார். கடலில் காலை நனைத்தேன். இவரும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்குத் திரும்பி ஒப்பனைக் கண்ணாடியில் எல்லா பல்பையும் போட்டுத் தலை வாரிக்கொண்டேன். கவலைக்கு நடுவிலும் மனசு நிறைந்துதான் இருந்தது, அதை மறைப்பானேன்?

மூன்றரை மணிக்கு மாமல்லபுரம். பாறைச் சிற்பத்துக்கு எதிரே கூட்டம் கூட்டமாக எல்லாரும் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று வண்டியைப் பார்த்தோம். வலது பக்கம் சுத்தம். இடது பக்கத்தில் மஞ்சள் இல்லை, ஆனால் அந்த மங்கல் இருந்தது, சாய்வெயிலில் நன்றாகவே தெரிந்தது. ஆளுக்கு ஒரு டீ, மூன்று ரூபாய்.

"சொல்லாத வுட்ருங்க ஸார். நான் பாலீஷ் போட்டுக்கறேன்" என்றார் ஏகாம்பரம்.

"இல்லப்பா. பொண்ணு குடுக்கிற இடத்துல மறைக்கக் கூடாது" என்றார் இவர்.

கோவளம் வழியாகக் கேளம்பாக்கம் வந்து, படூர் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. தணிகாசலம் வாசலிலேயே நின்றிருந்தார். இவர் இறங்கியதும், வணக்கம் சொல்வதற்கு முன்பே குளக்கரைப் பூஜையிலிருந்து தேங்காய் நார் வரை மாணவன் மாதிரி ஒப்பித்துவிட்டார். சம்பந்தி கடைசிவரை கேட்டார். வண்டியைச் சுற்றி வந்தார். இடது பக்கம் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனவரின் கை, மங்கிய இடத்தில் நின்றது.

"இதயா சம்பந்தி தேச்சீங்க?"

"ஆமா."

"எங்க, கையக் காட்டுங்க."

இவர் தயங்கித் தயங்கி நீட்டினார். சோப்பும் எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் சாம்பலும் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. இரண்டு நாளும் கூடவே இருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

தணிகாசலம் வண்டியை விட்டுவிட்டார். "அய்ய, இன்னா சம்பந்தி இது!" என்று இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கன்னீமா! தேங்காண்ண எட்த்தா சீக்கிரம். சம்பந்தி கை எப்டி ஆயிக்கீது பாரு." அவர் மனைவி கிண்ணத்தோடு ஓடிவந்தார். எண்ணெயைத் தொட்டு விரல் விரலாகத் தணிகாசலமே தடவிவிட்டார். "வண்டிக்கு பாலீஷ் போட்டா தீந்துச்சு. இதுக்குப் போயி யாராச்சும் கையப் புண்ணாக்கிக்குவாங்களா?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் என்று சொல்லிக் கிளம்பினோம். திருப்போரூரில் மாறிச் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். கேரவன் மெத்தைக்குப் பிறகு அந்த இருக்கை பலகையாகத்தான் இருந்தது. இவர் எண்ணெய்க் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார். டிக்கெட் நான்தான் எடுத்தேன்.

வித்யாவுக்குச் சொல்ல ஏகப்பட்ட புத்திமதி சேர்த்து வைத்திருந்தேன். கண்ணாடிச் சாமானை இரண்டு கையால் பிடி, மாமனார் பொருளைத் தொடாதே, பார்த்து நட. இனி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டில் அவள் ஒரு தட்டைப் போட்டு உடைத்தால், "கைல பட்டுச்சாம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.