ஐயர் மறந்துவிட்டுப் போன புத்தகம்

எங்கள் வீட்டில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய போதகர் ஒருவர், கட்டில்மேல் தன் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன்.

அப்பாவிடம் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. அவரே ஓட்டுவார். சேலத்தில் பல வருஷம் ஊழியம் பார்த்த அந்தப் போதகர், திருநெல்வேலிப் பக்கம் தன் சொந்த ஊருக்கே மாற்றல் வாங்கியிருந்தார். வீட்டுச் சாமான் ஏற்ற அப்பாவைப் பிடித்தார்கள். போதகரும் அவர் மனைவியும் முன்னால் அப்பாவோடு உட்கார்ந்து வந்தார்கள். எங்கள் ஊரான நாமக்கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அப்பா கூட்டிவந்துவிட்டார்.

சாமான் ஏற்றிய ஆட்கள் அவரை 'ஐயர்' என்றே சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா வாசலில் நின்றபடி, "ஐயரும் அவிய ஊட்டம்மாவும் வந்திருக்காங்க" என்றதும் அம்மா பதறிப்போய் முட்டைக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அவசரமாக ஒரு ரசம், ஓர் அப்பளம். அவர்கள் அதையே திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

லாரி போன பிறகுதான் புத்தகத்தைப் பார்த்தோம். செங்கல் கனம். பழுப்புத் தோல் அட்டை, ஓரமெல்லாம் பொடிந்திருந்தது. உள்ளே சிலுவைப் படத்தைப் பார்த்த அம்மா, "சாமி புஸ்தகம்டி, கீழ வைக்காத" என்று சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆயுத பூஜை வந்தபோது லாரிச் சாவிக்கும் ஸ்பானருக்கும் என் பாடப் புத்தகங்களுக்கும் பொட்டு வைத்தவள், அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். தோல் அட்டை அதை உறிஞ்சிக்கொண்டது.

ஊரில் சாமான் இறக்கும்போதே போதகர் புத்தகத்தைத் தேடியிருக்கிறார். "எங்கூட்டுலதானுங்க இருக்கும், தெக்க லோடு கெடைச்சதும் கொண்டாந்து குடுத்தர்றேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் அந்த வருஷம் வந்த லோடெல்லாம் நாக்பூருக்கும் இந்தூருக்கும்தான். புத்தகம் எங்களோடே இருந்தது.

நான் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு அகராதி பார்ப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. ஜெபத்தைப் பற்றியும் பாவ மன்னிப்பைப் பற்றியும் இங்கிலாந்துத் திருச்சபைக் குரு ஒருவர் செய்த ஆங்கிலப் பிரசங்கங்கள் அவை. லண்டனில் அச்சானவை. தெரியாத சொல்லுக்கு அகராதியில் அர்த்தம் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதுவேன். ஏற்கனவே அந்த ஓரங்களில் வேறு வேறு மைகளில் மூன்று பேர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நான் நாலாவது ஆள்.

ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம். பாவம் வர வேண்டிய இடத்திலெல்லாம் மீன்துடுப்பு வந்தது. ஆன்மா வர வேண்டிய இடத்தில் ஏதோ நாற்றம் பிடித்தது என்று வந்தது. 'நம்முடைய மீன்துடுப்புகளுக்காக நாம் அழ வேண்டும்' என்று நான் பவ்யமாக எழுதி வைத்தேன். ஆசீர்வாதம் என்ற சொல்லில் இரண்டு எஃப் சேர்ந்து வந்தபோதுதான் பொறி தட்டியது. அந்தக் காலத்து அச்சில் எஸ் எழுத்தை எஃப் மாதிரியே போட்டிருக்கிறார்கள்! பாவமான 'சின்' மீன்துடுப்பான 'ஃபின்' ஆகியிருந்தது, ஆன்மாவான 'சோல்' நாற்றமான 'ஃபவுல்' ஆகியிருந்தது. அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதன் பிறகு வேகம் பிடித்து, வார்த்தை வார்த்தையாக எழுதுவதை விட்டு வாக்கியத்தையே தமிழில் எழுத ஆரம்பித்தேன்.

மறு வருஷம், சேலத்தில் ஒரு கல்யாணத்தை நடத்திவைக்க வந்த போதகர், எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். குங்குமக் கறையை அவர் பார்ப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாமி புஸ்தகம்னு பொட்டு வச்சுட்டனுங்க. தப்புங்களா?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. இந்தப் புஸ்தகம் பாக்காத வீடா?" என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். பிறகு அதன் கதையைச் சொன்னார்.

சேலத்தில் இருந்த வெள்ளைக்காரக் குரு ஒருவர் அதைக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். அவர் கொண்டுவரும்போதே அது பழைய புத்தகம். அவர் இங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். ஊர் திரும்பும்போது அவர் மனைவி, தங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷியிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். முன்ஷி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். கடைசிவரை மதம் மாறவும் இல்லை, அந்தப் புத்தகத்தை விடவும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பிரசங்கம் செய்த குருவோடு சண்டை போடுகிற மாதிரி ஓரத்தில் எழுதியிருப்பார். முன்ஷியின் பேத்திக்கு வாரிசு இல்லை. அந்த அம்மாள்தான் தன் வயதான காலத்தில், சேலத்துக்குப் புதிதாக வந்த எங்கள் போதகரிடம் அதைக் கொடுத்தாராம்.

பேசிக்கொண்டே புரட்டியவர் என் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சில பக்கங்களை வாசித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ எழுதினதா? மீன்துடுப்பா?" என்று கேட்டவருக்குச் சிரிப்பில் கண் கலங்கிவிட்டது.

எனக்கே கொடுத்துவிடுவார் என்று எனக்கு ஓர் ஆசை. அவர் அதைப் பைக்குள் வைத்தார். "நீ ஆசைப்படுவன்னு தெரியுது. ஆனா எனக்கு இது வேணும் பாத்துக்க. இது இல்லாம ஞாயித்துக்கிழமை ஓடாது" என்றார். அன்று சாப்பாட்டுப் பேச்சு எடுத்தபோதுதான் அவர் கோழிக்குழம்பு சாப்பிடுவார் என்பது தெரிந்தது. அம்மா சேவலைப் பிடிக்க ஆளனுப்பினாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு நான் ஆங்கிலமே படித்து, ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானேன். அப்பா லாரியை விற்றுவிட்டு என்னோடு வந்துவிட்டார். அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருநாள், சேலத்தில் இருந்து போன் வந்தது. போதகரின் மனைவி. மகள் வீட்டுக்கு வந்துவிட்டாராம். அப்பாவின் நம்பரை எப்படியோ விசாரித்துப் பிடித்திருக்கிறார். "ஐயா போயிட்டாவ. உன்னைப் பாக்கணும், வாரியா?" என்றார்.

நானும் அப்பாவும் பஸ் பிடித்துப் போனோம். சின்ன அறை, ஒற்றைக் கட்டில். அந்த அம்மா மிகவும் மெலிந்திருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் புத்தகம் இருந்தது.

போதகருக்குக் கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து, பேச்சு போய், மெல்ல மெல்லத் திரும்பியிருக்கிறது. தமிழ் மட்டும்தான் திரும்பியது. அவ்வளவு காலம் படித்த, பிரசங்கம் செய்த ஆங்கிலம் அப்படியே அழிந்துவிட்டது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"இந்தப் புஸ்தகத்த மடியில வச்சுக்கிட்டு அழுதாவ. சின்னப் புள்ள மாதிரி. அப்புறம் ஒருநாள் ஓரத்துல இருந்த ஒன் எழுத்து கண்ணுல பட்டுச்சு. அத வாசிச்சாவ. தெனமும் அதத்தான் வாசிப்பாவ" என்றார் அந்த அம்மா. "மீன்துடுப்பு வந்தா மட்டும் சிரிப்பாவ. அந்த வீட்டுல அப்ப வேற சிரிப்பு இல்ல."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ நாப்பது அம்பது பக்கத்தோட நிறுத்திட்ட. அது முடிஞ்சதும் அடுத்த பக்கத்தத் திருப்பிட்டு 'எங்க?' னு கேப்பாவ. நான் என்னத்தச் சொல்ல? மறுபடி மொதல்ல இருந்து எடுத்துக் குடுப்பேன்."

புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "இவ்வளவு வருசம் அவிய கூடயே இருந்தும் இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் வராது. மீதிய எழுதிக்கொண்டா. நான் கேக்கணும்."

அதன்பின் ஞாயிறு மதியங்களில் சேலத்துக்குப் போவது வழக்கமானது. அவர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து காத்திருப்பார். அந்த வாரம் எழுதியதை வாசிப்பேன். அவருக்கு எல்லாமே பிடித்தது என்று சொல்ல முடியாது. நரகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது, "இவரு வீட்டுல பொம்பளைங்களே இல்லையா? யாரும் 'போதும்'னு சொல்லலியா?" என்று கேட்டார். அதே பக்க ஓரத்தில் முன்ஷியும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். சில நாள் வாசிக்கவே மாட்டோம். கணவர் பிள்ளைப் பருவத்தில் பனங்காட்டில் ஓடித் திரிந்தது, பெண்பார்க்க வந்த அன்று காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டது என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவேன்.

புத்தகம் பாதிகூட ஆகாத நிலையில் அவரும் போய்விட்டார். அடக்கத்துக்கு நானும் அப்பாவும் போனோம். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காரப் போன எங்களை மகள் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போய்க் குடும்பத்தாரோடு உட்காரவைத்தார். தெற்கிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பெண் என்னைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டார். என்ன உறவைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா முந்திக்கொண்டார்.

"நம்மூட்டுல ஒருநாள் சாப்பிட்டாங்கம்மா. அதுல இருந்து பழக்கமுங்க."