சொந்த உபயோகம்: பூஜ்யம்

என் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்பவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடவே மாட்டார். தொழிலுக்கென்று வேன் வாங்கியபோது ஆடிட்டர் சொன்னார்: “தொழிலுக்கு ஓட்டுற தூரத்துக்கு ஆகுற செலவை மட்டும் வருமானத்துல கழிச்சுக்கலாம். சொந்த வேலைக்கு ஓட்டினா அதைத் தனியா எழுதி வைங்க.” எழுதி வைத்தால் போதும் என்றுதானே அர்த்தம்? இந்த மனுஷனோ, சொந்த வேலைக்கு வேனைத் தொடவே கூடாது என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கடைக்குப் போனால் நடை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட சைக்கிள். அவள் பிறக்க எனக்கு வலி எடுத்தபோதுகூட, வேன் வாசலில் நிற்க, வாடகைக் கார் தேடித் தெருவில் ஓடினார். அந்த அரிச்சந்திரனே பக்கத்து வீட்டில் இருந்திருந்தால், “கொஞ்சம் ஓவராப் போறியேப்பா” என்று சொல்லியிருப்பார்.

இவ்வளவு யோக்கியத்துக்கும் கிடைத்தது என்ன? வரி ஆபீஸிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வேன் முழுக்க முழுக்கத் தொழிலுக்கே ஓடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? கழித்த செலவை ஒத்துக்கொள்ளாவிட்டால் அபராதத்தோடு வரி கட்ட வேண்டும். அதற்கு வேனை விற்க வேண்டும். வேன் போனால் தொழிலும் போச்சு. விசாரணை நாளன்று துணைக்கு நானும் போனேன்.

அதிகாரி ஒரு பெண். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்: “சொந்த உபயோகம் பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. ஒரு நாள்கூடக் குடும்பத்தோட வெளிய போனதில்லையா சார்?”

அவர் திருதிருவென்று விழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லாக் கேளுங்க மேடம்! அந்த வேன் சீட்டு மெத்துன்னு இருக்குமா, கல்லு மாதிரி இருக்குமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்பக்கூட அவர் வேன்ல வந்தாரு. நான் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். என்னை ஏத்துனா கணக்கு கெட்டுடுமாம்!”

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தே விட்டார்.

“ஏன் சார், இங்க வர்றதும் தொழில் விஷயமாத்தானே? பக்கத்துல யார் உக்காந்தாலும் தூரம் அதே தூரம்தான். இவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

அப்புறம் வேலை செய்த வீடுகளின் பில்களையும் வேன் ஓடிய கிலோமீட்டரையும் ஒத்துப் பார்த்து, செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் நேரே வேனுக்குப் போனார். வேனின் முன் சீட்டில் கிடந்த குழாய்த் துண்டுகளையும் ஸ்பேனர்களையும் பின்பக்கம் தள்ளிவிட்டு, கைக்குட்டையால் சீட்டைத் துடைத்தார்.

“ஏறு.”

“வேண்டாம் சாமி. எனக்கு பஸ் இருக்கு,” என்றேன் வீம்புக்கு.

“ஏறும்மா.” கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்தேன்.

“எங்க போகலாம், சொல்லு,” என்றார்.

இத்தனை வருஷத்தில் எத்தனை இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரித்திருப்பேன்! இப்போது கேட்கிறார், ஓரிடம்கூட நினைவுக்கு வரவில்லை. ஆசைப்படுவதையே எப்போதோ விட்டிருக்கிறேன். அது உறைத்ததும் அழுகையை அடக்க முடியவில்லை.

“எங்கயாவது ஓட்டுங்க,” என்றேன்.