‘உறவுமுறை’ என்ற கட்டம்

என் கண்டக்டர் பையின் பின்னறையில், டிக்கெட் மெஷினுக்கான பேப்பர் சுருளுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு விண்ணப்பம் இருக்கிறது. சிங்காநல்லூரில் உள்ள ஒரு மகளிர் விடுதியினுடையது. ‘காப்பாளர் கையொப்பம்’ என்ற இடத்தில் என் கையெழுத்து. பக்கத்தில் ‘உறவுமுறை’ என்றொரு கட்டம். அதையும் நிரப்பித்தான் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். காந்திபுரத்திலிருந்து சூலூர் போகும் என் டவுன் பஸ்ஸில் மதியம் ஏறினாள். பள்ளிக்கூடப் பை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். பெண்களுக்கு இலவசம் என்றாலும் இறங்கும் இடம் கேட்டுத்தான் டிக்கெட் கிழிக்க வேண்டும்.

“எங்கீங்க அம்மணி?”

“சூலூருங்க பெரியப்பா.”

எனக்குச் சுருக்கென்றது. “சித்தப்பான்னு சொல்லு கண்ணு. நேத்துத்தான் டை அடிச்சுப்போட்டு வந்திருக்கறேன்” என்றேன். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து நான் சித்தப்பா.

ஆனால் அவள் சூலூரில் இறங்கவில்லை. எழுந்து எதிர்ப்பக்கத்து இருக்கைக்கு மாறி, காந்திபுரத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கி, பையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். ஒரு வாரம் விட்டு வந்தாள், அதே கதை. போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். மதிய வெயில் படாத பக்கம் எது என்று இருபத்தாறு வருடம் அந்தத் தடத்தில் ஓடிய எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் வியர்க்காது, ஜோக் வரும். வீட்டில் நான் அளவுக்கு மீறிச் சிரிக்க வைத்தால், “என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க?” என்று கேட்பாள் மனைவி. வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணோ, போலீஸ் வருமோ, செக்கிங் ஏறினால் என்ன சொல்வது? இரண்டு டிக்கெட்டும் சரியாக இருக்கும்போது செக்கிங் என்னை என்ன செய்துவிடும் என்று யோசிக்கிற அளவுக்குப் பயம் எனக்கு இடம் தரவில்லை. “சூலூர்ல யாரு கண்ணு இருக்கறாங்க? ஏர்போர்ஸ் கேம்ப்புல ஏதாச்சும் மாப்பிள்ளையா?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லீங்க சித்தப்பா. தூங்கறதுக்குத்தான் வாரேன்.”

கருமத்தம்பட்டியில் தறிப்பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் அம்மாவும் அவளும் இருந்திருக்கிறார்கள். தறி ஓட்டுகிறவருக்குத்தான் அந்த அறை. அம்மா இறந்த பதினாறாம் நாள் முடிந்ததும், அடுத்துத் தறி ஓட்ட வந்த குடும்பம் சாமான்களோடு வாசலில் நின்றிருக்கிறது. “அவியளும் பாவமுங்க. கைக்கொழந்தை வேற” என்றாள். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைக்கிற வேலை, குளியல் அங்கேயே. பகலில் படுக்கத்தான் இடமில்லை. ஒரே பஸ்ஸில் தினமும் தூங்கினால் சந்தேகப்படுவார்கள் என்று நாளுக்கொரு தடம் வைத்திருந்தாள். இந்தச் சத்தத்தில் எப்படித் தூக்கம் வருகிறது என்றேன். “தறிச் சத்தத்துல பொறந்தவளுங்க. சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும்.” அதற்குப் பிறகு சூலூரில் ஐந்து நிமிடம் நிற்கும்போது எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னேன். டீசலுக்கு யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டார். அணைத்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை அந்த விண்ணப்பத்தை நீட்டினாள். விடுதியில் ஒரு கட்டில் காலியாம். சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டுமாம். பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம்.

“நீங்க போடறீங்களா சித்தப்பா?”

ஒவ்வொரு நடைக்கும் ஒரு கையெழுத்து என்று பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸ் நோட்டில் கிறுக்குகிற கை அது. பேனாவைத் தொடவில்லை. இவள் நாளைக்கு எங்காவது போய்விட்டால்? நடுராத்திரியில் போன் வந்தால்? வாயிலிருந்து வந்தது ஜோக். “இந்த பஸ்ல அம்பது பேருக்கு நான்தான் கண்ணு கார்டியன். எறங்கற வரைக்கும்.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விண்ணப்பத்தை மட்டும் வாங்கிப் பையில் வைத்து, “படிச்சுப் பாத்துச் சொல்றேன்” என்றேன்.

அந்த வாரம் மட்டும் அவள் முறை மாற்றி வியாழக்கிழமையும் என் பஸ்ஸில் வந்தாள். “பாத்தீங்களா சித்தப்பா?” என்றாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அன்று சூலூர் வரை தூங்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம் சொன்னபோது, “இதுக்கா ஒரு வாரம் ஜோக்கடிச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு என் பஸ்ஸில் ஏறவில்லை.

ஒரு வருடம் கழித்து, போன ஐப்பசியில் ஏறினாள். பள்ளிக்கூடப் பை இல்லை. கையில் ஒரு குடை.

“சிங்காநல்லூருங்க.”

“ஹாஸ்டல் கெடைச்சுதா கண்ணு?”

“கெடைச்சுதுங்க. வேற ஃபாரம் வாங்கிட்டேன்.”

“யாரு கையெழுத்து?”

“எங்கூட வார்டு கூட்டற அக்காங்க. எழுதத் தெரியாது, கைநாட்டு வெச்சாங்க. அப்பறம் கட்டைவெரல் மையோடவே அன்னைக்குப் பூரா வேலை செஞ்சாங்க.”

என் கை பைக்குள் போய் அந்த மடிப்பைத் தொட்டது. எடுக்கவில்லை. ஒரு ஜோக்குக்காகக் காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. அவள் கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிங்காநல்லூரில் படியில் கால் வைத்தபோது திரும்பினாள்.

“வாரேனுங்க கண்டக்டர் சார்.”

மரியாதையாகத்தான் சொன்னாள். குத்தல் இருந்திருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். விசில் கொடுத்தேன்.

பேப்பர் சுருள் தீரும்போதெல்லாம் புதுச்சுருள் எடுக்க அந்த விண்ணப்பத்தை நகர்த்த வேண்டியிருக்கிறது. மடிப்புகள் நைந்துவிட்டன. உறவுமுறை என்ற கட்டத்தில், நல்ல மையில், சித்தப்பா என்றே இருக்கிறது.